தத்தெடுத்த குடும்பத்தில் சர்க்கரை, பிரஷர் இருந்தால்: எம்பிபிஎஸ் மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எம்பிபிஎஸ் சேர்ந்த சில மாதங்களிலேயே கல்லூரிப் பேருந்து உங்களை ஒரு கிராமத்தில் இறக்கிவிடும். கையில் ஒரு பதிவேடு, பெயர் மட்டும் தெரிந்த மூன்று முதல் ஐந்து குடும்பங்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2021-22 மாணவர்களிலிருந்து கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் இது. முதல் கட்டத்தில் 27 மணி நேரம், இரண்டாவதில் 30, மூன்றாவதில் 21, ஆக 78 மணி நேரம். யோசனை ஒன்றும் புதிதல்ல. 1969-இல் வார்தா பக்கம் சேவாகிராமில் தொடங்கிய மருத்துவக் கல்லூரியில், ஒவ்வொரு பேட்ச்சும் ஒரு கிராமத்தைத் தத்தெடுத்து முதலாண்டிலேயே அங்கே முகாமிட்டுத் தங்குவது நெடுங்கால வழக்கம்.

நம் பிள்ளைகளில் பாதிப் பேர் இந்த நேரத்தைப் படிவம் நிரப்பியே கழித்துவிடுகிறார்கள். சமூக மருத்துவத் துறையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் துறைகளும் பல இடங்களில் அதற்கு மேல் கேட்பதில்லை. எத்தனை வீடு, எத்தனை பேர், கழிப்பறை இருக்கிறதா, கையெழுத்து, முடிந்தது.

ஆனால் செய்வதற்கு வேலை கிடக்கிறது. தமிழ்நாட்டில் 2020-இல் எடுத்த கணக்கெடுப்பில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்குப் பதினோரு பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. மாத்திரை கிடைக்காததா காரணம்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அதை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. வாசலுக்கு வந்த மாத்திரை வாய்க்குப் போவதற்குள் என்னென்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் ஆளில்லை. காலையில் நூறு சீட்டுக்கு மேல் பார்க்கும் டாக்டரால் முடியாது. தெருத்தெருவாக நடக்கும் தன்னார்வலர் அக்காவாலும் முடியாது. ஒரே வீட்டுக்கு மூன்று வருஷம் போய், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச முடிகிற ஆள் நீங்கள் மட்டும்தான். அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்யலாம் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

கிளம்பும் முன்

பையில் இருக்க வேண்டியவை: சரிபார்த்த டிஜிட்டல் பிபி மெஷின், நடுத்தரமும் பெரியதுமாக இரண்டு கஃப் (கையில் சுற்றும் பட்டை), குளுக்கோமீட்டர், காலாவதி ஆகாத ஸ்ட்ரிப், ஒரு முறை மட்டும் குத்தும் லான்செட், குத்திய ஊசியைப் போட மூடியுள்ள கெட்டி டப்பா, இன்ச் டேப், அழியாத மார்க்கர் பேனா. ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள், ஈரக் காற்று பட்டால் ரீடிங் கெட்டுப்போகும். ஒரே லான்செட்டால் இரண்டு பேரைக் குத்துவது மன்னிக்க முடியாத குற்றம். ஹெபடைடிஸ் பி பரவ அது ஒன்றே போதும்.

அடுத்து, ஊருக்குள் நுழைந்ததும் இரண்டு பேரைப் பாருங்கள்: கிராம சுகாதார செவிலியர், அதாவது ஊர் சொல்லும் நர்சம்மா, அப்புறம் மக்களைத் தேடி மருத்துவத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். இந்தத் தன்னார்வலர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். எந்த வீட்டில் யார் மாத்திரையை வாங்கி அலமாரியில் போட்டு வைக்கிறார் என்பது அவருக்கு அத்துப்படி. அவரை விட்டுவிட்டு நேரே வீட்டுக்குள் போனால், அவர் வேலையைச் சோதிக்க வந்தவர்கள் என்று தோன்றும். “அக்கா, முதல் தடவை எங்களோட வாங்களேன்” என்று கூப்பிட்டுப் பாருங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

நேரமும் முக்கியம். பேருந்து பத்தரைக்கு வரும். அந்த நேரத்தில் நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் ஏரிக்கரையில் இருப்பார்கள், ஆண்கள் டவுனில் கட்டட வேலையில் இருப்பார்கள். வீட்டில் கிடைப்பது வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும்தான். நாற்பது வயது சர்க்கரை நோயாளியைப் பார்க்க வேண்டுமானால், ஒரு முறையாவது ஆசிரியரிடம் கேட்டு மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையோ போக வழி பண்ணுங்கள்.

முதல் சந்திப்பில் அறிவுரை வேண்டாம்

முதல் முறை போனதும் உப்பைக் குறைங்க, நடங்க, சோறு வேண்டாம் என்று ஆரம்பித்தால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். அந்த அறிவுரை எல்லாம் அவர்கள் ஏற்கெனவே பலமுறை கேட்டது. நீங்கள் படிக்கிற பிள்ளை, இன்னும் டாக்டர் ஆகவில்லை என்பதை முதலிலேயே சொல்லுங்கள். எதற்காக வருகிறீர்கள், எத்தனை வருஷம் வருவீர்கள், எழுதிக்கொள்வதை யாரெல்லாம் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லி, சம்மதம் வாங்குங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே விடைபெறத் தெரிய வேண்டும்.

முதல் நாள் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: “இந்த நோய் வந்ததுல உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?” பதில் எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பற்றி வராது. ராத்திரி நாலு முறை எழுந்து போக வேண்டியிருக்கிறது, கல்யாண வீட்டில் சாப்பிட முடியவில்லை, வேலைக்குப் போனால் படபடப்பு வருகிறது, மருமகளிடம் மாத்திரைக்குத் தண்ணீர் கேட்கவே கூச்சமாக இருக்கிறது என்று வரும். அதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். அடுத்த மூன்று வருஷமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள். வட மாவட்டத்து எந்த ஊர்த் திண்ணையிலும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

“ஆயா, வீட்ல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. பழசு, புதுசு எல்லாமே.”

மஞ்சப்பை வரும். பாயில் கொட்டினால் கத்தரியால் நறுக்கிய அட்டைத் துண்டுகள், மருந்தின் பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி இன்னொன்றில். காகிதக் கவரில் உதிரி மாத்திரைகள். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய பெரிய சிவப்பு மாத்திரை ஒன்று.

“இது எதுக்கு ஆயா?”

“அது சக்கர மாத்திர கண்ணு. நர்சம்மா குடுத்தது.”

“இது?”

“அதுவும் சக்கரதான். டவுனு டாக்டரு எழுதினது. காசு குடுத்து வாங்கினது, அதனால நல்லா கேக்குது.”

“ரெண்டையும் போடுறீங்களா?”

“தல சுத்துற அன்னிக்குப் போடமாட்டேன்.”

இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டுமே கிளிமிபிரைடு, கம்பெனிப் பெயர்தான் வேறு. இரட்டை அளவு உள்ளே போகிறது, சர்க்கரை தாழ்கிறது, அதுதான் அந்தத் தலைசுற்றல். அந்தப் பெரிய சிவப்பு மாத்திரை டைக்ளோஃபெனாக்காக இருக்கும். மூட்டுவலிக்குத் தினமும் போடுவார், அது பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டில் இந்த இரண்டும் தெரியாது.

ஒவ்வொரு மாத்திரைக்கும் மூன்று விஷயம் கேளுங்கள்: எதற்கு, எப்போது, கடைசியாக எப்போது போட்டீர்கள். “ஒழுங்கா போடுறீங்களா” என்று கேட்டால் “போடுறேன்” என்ற பதில் தவிர வேறு வராது. “எல்லாருக்கும்தான் சில நாள் விட்டுப்போகும். போன வாரத்துல எத்தன நாள் விட்டுச்சு?” என்று கேளுங்கள், அப்போது வாய் திறப்பார்கள்.

விட்டுப்போவதற்கான காரணங்கள் பெரும்பாலும் நியாயமானவை. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னதால் மாத்திரையையும் போடாமல் போவார்கள். அன்று பிரஷர் 170 இருக்கும், டாக்டர் டோஸை ஏற்றுவார். வீட்டில் ஏறிய டோஸைத் தினமும் போட்டால் தலை சுற்றும், மாத்திரையை நிறுத்துவார்கள். இந்தச் சுழற்சியை நீங்கள்தான் கண்டுபிடித்துச் சொல்ல முடியும். ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு வேண்டும் என்றாலும், பிரஷர் மாத்திரையைத் தண்ணீரோடு போட்டுக்கொண்டு வரலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துவிடலாம்.

பக்கவிளைவால் சத்தமில்லாமல் நிறுத்தியவர்களும் உண்டு. பிரஷர் மாத்திரைகளில் அம்லோடிபின் கணுக்காலை வீங்க வைக்கும், எனலாபிரில் வறட்டு இருமல் கொடுக்கும். சர்க்கரை மாத்திரை மெட்பார்மின் வயிற்றைக் கலக்கும், சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குறையும். எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது. கணவன் மனைவி இருவருக்கும் பிரஷர் இருந்தால் ஒருவர் அட்டையை இருவரும் பங்கு போடுவதும் நடக்கும். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ குடும்பத்தோடு கிளம்பினால் மாதக்கணக்கில் மாத்திரை இருக்காது. கிளம்பும் மாதத்தை முன்பே கேட்டு, தேவையான மாத்திரையைச் சேர்த்து வாங்க நர்சம்மாவிடம் சொல்லி வையுங்கள். போகிற ஊரில் காட்ட நோயாளி அட்டையையும் கையோடு கொடுத்தனுப்புங்கள்.

“மாத்திரை போட்டா கிட்னி போயிடும்” என்பதை எல்லா ஊரிலும் கேட்பீர்கள். சிரிக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் பத்து வருஷம் மாத்திரை போட்டுக் கடைசியில் டயாலிசிஸுக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். கட்டுக்குள் வராத சர்க்கரையும் பிரஷரும்தான் சிறுநீரகத்தைக் கெடுத்தன என்பதை அவசரப்படாமல், ஒரு முறைக்கு இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும். சிறுகுறிஞ்சான் பொடி, ஆவாரம்பூக் கஷாயம் குடிக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள். ஆங்கில மருந்தை நிறுத்திவிட்டு அதைக் குடிக்கிறார்களா என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

கடைசியாக, காலை மாத்திரை அட்டையில் மார்க்கரால் சூரியன், இரவு மாத்திரையில் பிறை வரையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இது போதும். பேரப்பிள்ளை ஏழாவது படித்தால் அவனைப் பொறுப்பாளர் ஆக்குங்கள், பெருமையாகச் செய்வான். சந்தேகமான மாத்திரை எதையும் நீங்களாகத் தூக்கி எறியாதீர்கள், ‘போடாதீங்க’ என்றும் சொல்லாதீர்கள். ஒன்றே இரட்டையாகப் போகிறது போலத் தெரிந்தால், அங்கிருந்தே உங்கள் ஆசிரியருக்கோ ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கோ போன் போட்டுக் கேட்டு, அவர் சொல்வதைச் சொல்லுங்கள்.

பிபி பார்ப்பது

எல்லோரும் செய்வதுதான், ஆனால் சரியாகச் செய்பவர் குறைவு. அரை மணி நேரத்துக்குள் டீ, பீடி, வெற்றிலை புகையிலை கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டு வரச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும், முதுகு சாய்ந்து, கால் தரையில், ஒன்றன் மேல் ஒன்று போடாமல். திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவரை எழுப்பி, பக்கத்து வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியைக் கடன் வாங்குங்கள். கை இதயத்தின் உயரத்தில், தலையணை மேலோ மடித்த போர்வை மேலோ இருக்க வேண்டும்.

பெண்களுக்கு ரவிக்கைக் கையை மேலே சுருட்டினால் அதுவே கட்டுப்போட்டது போல இறுக்கும். மெல்லிய துணி என்றால் சுருட்டுவதைவிட இறக்கி விடுவது மேல். தளர்வாக இருந்தால் ஒரு கையை மட்டும் கழற்றச் சொல்லலாம், உள் அறையில், மாணவி ஒருவர் கூட இருக்கும்போது. பருத்த கைக்குச் சிறிய கஃப் கட்டினால் ரீடிங் கூடிக் காட்டும். அளவெடுக்கும்போது அவரும் பேசக் கூடாது, நீங்களும் பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி போடுங்கள். முதல் நாள் இரண்டு கையிலும் பார்த்து, கூடுதலாக வரும் கையையே பிறகு எப்போதும் பயன்படுத்துங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு 140/90-க்குக் கீழே இருக்க வேண்டும். உடம்பு ஒத்துக்கொண்டால் 130/80-க்குக் கீழே கொண்டுவர டாக்டர் முயற்சி செய்வார். வயதானவர்கள் எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால், நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் டாக்டருக்குச் சொல்ல வேண்டிய சேதி அது. வீட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறியும் பாட்டிகளில் சிலர் இப்படி விழுந்தவர்கள்.

எண்ணைச் சொல்லுங்கள். “கொஞ்சம் ஜாஸ்தி” என்று முகத்தைச் சுளித்து விட்டுப் போகாதீர்கள். அவருடைய அட்டையில் தேதியோடு எழுதிக் கொடுங்கள். மெஷினை வெளியே எடுத்ததும் தெருவே வந்து “எனக்கும் பாரு தம்பி” என்று கை நீட்டும், அதற்கும் நேரம் ஒதுக்கிவிட்டே போங்கள். புதிதாகக் கூடுதலாக வருபவர் பெயரைத் தன்னார்வலர் அக்காவிடம் கொடுத்தால் போதும், ஒரு தடவைப் பரிசோதனையில் யாருக்கும் பிரஷர் என்று முத்திரை குத்த வேண்டாம்.

சர்க்கரை: ஏற்றமும் இறக்கமும்

விரலை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகு குத்துங்கள். மாம்பழம் சாப்பிட்ட கையில் குத்தினால் மீட்டர் மாம்பழத்தையும் சேர்த்து அளக்கும். ஸ்பிரிட் தடவினால் நன்றாகக் காய வேண்டும். விரல் நுனியில் குத்தாதீர்கள், பக்கவாட்டில் வலி குறைவு. சாப்பிட்டு எவ்வளவு நேரமாகிறது என்பதை எழுதாத ரீடிங்கால் பயனில்லை. வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180-க்குக் கீழே என்பது பொதுவான இலக்கு, வயதானவர்களுக்கு டாக்டர் தளர்த்துவார். குளுக்கோமீட்டருக்கும் லேபுக்கும் 15 சதவீதம் வரை வித்தியாசம் வரலாம். 142-க்கும் 155-க்கும் சண்டை போடத் தேவையில்லை. எச்பிஏ1சி எப்போது கடைசியாகப் பார்த்தார்கள் என்பதைக் கேட்டு, அதைப் பார்க்க வழி செய்யுங்கள்.

கூடும் சர்க்கரைக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள், தாழும் சர்க்கரைதான் அன்றைக்கே ஆளைக் கொல்லும். வியர்வை, கை நடுக்கம், அகோரப் பசி, படபடப்பு, திடீர்க் கோபம், உளறல். 70-க்குக் கீழே இருந்தாலோ, மீட்டர் இல்லாமல் இந்த அறிகுறிகள் இருந்தாலோ, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் தாமதமாகும். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு சாப்பாடு. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போடுபவருக்குச் சர்க்கரை ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி தாழலாம், அதனால் தெளிந்துவிட்டார் என்று வீட்டில் விடாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். இதை நோயாளியைவிட அவர் மனைவிக்கும் பக்கத்து வீட்டுக்கும் கற்றுக்கொடுப்பதுதான் முக்கியம்.

விரதம் இருக்கிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள். சஷ்டி, ஆடி வெள்ளி, ரமலான் நோன்பு என்று எதுவாக இருந்தாலும் ‘இருக்காதீங்க’ என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்ற ஒரு மாதத்துக்கு முன்பே டாக்டரைப் பார்க்க வைப்பது உங்களால் முடியும்.

இன்சுலின் போடுபவர் இருந்தால் பாட்டிலையும் ஊசியையும் கையில் வாங்கிப் பாருங்கள். ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள பாட்டிலுக்குச் சிவப்பு மூடி ஊசி, 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு வித்தியாசப்படும். ஒரே இடத்தில் குத்திக் குத்தி வயிற்றில் கட்டிபோல் தடித்திருந்தால் அங்கே போடும் மருந்து சரியாக ஏறாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈர மணல் போட்ட மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து அதில் வைக்கலாம். ஃப்ரீசரில் உறைந்த பாட்டில் குப்பைக்குத்தான்.

பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்

செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பார்க்கும் டாக்டரை அந்த ஆயா கடைசியாக எப்போது பார்த்தார் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவேளை பார்த்ததே இல்லை என்பார். கருவி எதுவும் தேவையில்லை. கண்ணை மூடச் சொல்லி, உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் வலது கட்டைவிரல், வலது சுண்டுவிரல், இடது கட்டைவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல் என்ற வரிசையில் ஒன்றிரண்டு நொடி மெதுவாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. எந்தப் பக்கம் தொட்டீர்கள் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டு இடம் தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

மரத்துப்போன பாதத்தில் காயம் வலிக்காது. வலிக்கவில்லை என்பதாலேயே காட்ட வர மாட்டார்கள். தினமும் இரவு விரலிடுக்கு வரை பார்க்க வேண்டும், குனிய முடியாதவருக்கு ஒரு கண்ணாடி போதும். குதிகாலுக்கு எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் வேண்டாம். ஆணிக்காலை பிளேடால் சீவக் கூடாது, வெந்நீர் ஒத்தடம் கூடாது. நழுவும் ரப்பர் செருப்புக்குப் பதில் பின்பட்டை உள்ள எம்சிஆர் செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் கொண்டது) நல்லது. நடவு வயலில் செருப்புப் போட முடியாது, அதனால் கரையேறியதும் கழுவித் துடைத்துப் பார்ப்பதுதான் அங்கே சாத்தியம்.

இன்னொன்று, எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது. ஊரில் எப்போது தீமிதி என்று கேட்டு வையுங்கள். திரௌபதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டவர் பாதம் மரத்திருந்தால், சுட்டதே தெரியாமல் இறங்கி வந்துவிடுவார். திருவண்ணாமலை பக்கம் என்றால் பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் வெறுங்காலோடு. வேண்டுதலைக் கைவிடச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் பாதத்தின் நிலையைக் காட்டிச் சொன்னால், பூசாரியிடமே கேட்டு மாற்று வழிபாடு செய்ய ஒப்புக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கிரிவலத்துக்கு வெயில் இறங்கிய பிறகு கிளம்பி, காலுறை போட்டுக்கொண்டு நடக்கலாம், வந்ததும் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

சாப்பாடு

“ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு?” என்றால் யாருக்கும் தெரியாது. “மாசத்துக்கு எத்தனை பாக்கெட் உப்பு வாங்குறீங்க?” என்று கேளுங்கள். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம் என்றால் நாலு பேர் வீட்டுக்கு மாதம் 600 கிராம். இரண்டு கிலோ வாங்குகிறார்கள் என்றால், திருஷ்டிக்குச் சுற்றிப் போட்டதும் மீன் கழுவியதும் போக மிச்சத்தை வைத்துப் பேச ஆரம்பிக்கலாம். கஞ்சியில் போடும் உப்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் அவர்களே எதைக் குறைக்கலாம் என்று சொல்வார்கள். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க விடுங்கள். அடுத்த மாதம் அதைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

ரேஷன் அரிசியில் ஓடும் வீட்டில் சோற்றை நிறுத்தச் சொல்வது வெட்டிப் பேச்சு. இரண்டாவது முறை வைக்கும் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அதற்குப் பதில் முருங்கைக்கீரையோ ரேஷன் பருப்போ கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். கேழ்வரகுக் களி நல்லதுதான், அதற்காக மூன்று உருண்டை சாப்பிட்டால் அரிசியோடு கணக்கு சரியாகிவிடும். டீயில் சர்க்கரை ஐந்து வேளை போகிறது என்றால் அங்கே கை வைப்பது எளிது. நீங்கள் வந்ததற்காக அவர்கள் போடும் டீயையும் சர்க்கரை இல்லாமல் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

மற்றவை சுருக்கமாக. ஆஸ்துமா, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ளவரிடம் உறிஞ்சும் மருந்தை உங்கள் முன்னால் எடுத்துக்காட்டச் சொல்லுங்கள். கருவியில் போட்டுப் பொடியை உறிஞ்ச வேண்டிய ரோட்டாகேப்பை மாத்திரை என்று நினைத்து விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். புகையிலை, குடியை எல்லோரிடமும் ஒரே தொனியில் கேளுங்கள், வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டியையும் விட்டுவிடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வருஷம் ஒரு முறை கண் விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் புரதப் பரிசோதனை நடந்ததா என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம்.

தாமதிக்கக் கூடாத நேரங்கள்

நெஞ்சு அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை: ஊரில் இதற்கு ‘வாயு’ என்று பெயர், சோடா குடித்துப் படுத்துக்கொள்வார்கள். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் வியர்வையும் மட்டும் வரலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்து அனுப்ப 2023-இல் ‘இதயம் காப்போம்’ திட்டம் வந்திருக்கிறது, அதை வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள். வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் இழுப்பு, பேச்சுக் குழறல் என்றால் எப்போது தொடங்கியது என்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு 108. பிரஷர் 180/110-க்கு மேல் என்றால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும், கூடவே தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல் இருந்தால் உடனே. சர்க்கரை 300-க்கு மேல் போய், வாந்தியோ மயக்கமோ இருந்தாலும் உடனே. பாதத்தில் புண், கறுப்பு, நாற்றம் எது இருந்தாலும் அடுத்த நாள் வரை தள்ளாதீர்கள்.

உங்கள் எல்லை

டோஸை ஏற்றாதீர்கள், குறைக்காதீர்கள். உங்கள் மாமா கொடுத்த சாம்பிள் மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீர்கள். ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டிலோ பேருந்திலோ பேசாதீர்கள், சின்ன ஊரில் சர்க்கரை இருக்கிறது என்ற சேதி ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சையே கெடுக்கும். குடும்ப வன்முறை, தற்கொலைப் பேச்சு காதில் விழுந்தால் அன்றே பொறுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், தனியாகச் சமாளிக்க நினைக்காதீர்கள். அடுத்த மாதம் வருவதாகச் சொன்னால் வாருங்கள். தேர்வு என்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பதிவேடும் ஒப்படைப்பும்

கல்லூரிப் படிவம் அது பாட்டுக்கு இருக்கட்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், பெயருக்குப் பதில் வீட்டு எண் போதும். கடைசி மூன்று பிபி, சர்க்கரை, நேரத்தோடு. இப்போது போடும் மாத்திரைகள், எங்கிருந்து வாங்கியது. எது தடுக்கிறது. அவரே என்ன செய்வதாகச் சொன்னார். யாரிடம் என்ன கேட்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் “உங்க பையன் வந்து கேட்டா இன்னிக்கு என்ன பேசினோம்னு சொல்வீங்க?” என்று கேளுங்கள். அவர் சொல்வது நீங்கள் சொன்னதோடு பொருந்தவில்லை என்றால் நீங்கள்தான் வேறு மாதிரி சொல்லிப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் கட்டம் முடியும்போது குடும்பத்தை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். அந்தப் பக்கங்களை ஜூனியரிடம் கொடுங்கள். கடைசிச் சந்திப்பை மாத்திரை தீரும் வாரத்தில் வைத்து, ஜூனியரையும் தன்னார்வலர் அக்காவையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போங்கள். அடுத்த மாதத்துக்கான மாத்திரையை அவர்கள் இருவர் முன்னால் வாங்கி, அட்டையில் சூரியனும் பிறையும் இந்த முறை ஜூனியர் கையால் வரையட்டும். கிளம்பும் முன் அடுத்து ஜூனியர் வரும் தேதியை வீட்டு நாள்காட்டியிலேயே எழுதிவிட்டு வாருங்கள்.